படலை தெரிய வெட்டிய செவ்வரத்தை

பெயர்: சீவரத்தினம் இரத்தினம்மா. வயது: 67. விவாகம் ஆகாதவர். சமயம்: சைவம். தொழில்: கூட்டுறவுச் சங்கக் கடை முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முகவரி: நாவலடி ஒழுங்கை, சாவகச்சேரி. எழுத வாசிக்கத் தெரிந்தவர். மேற்படி நபர் பெண் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரின் முன்னிலையில், எவருடைய தூண்டுதலும் இல்லாமல், தமிழில் கூறியது:

நான் மேலே சொன்ன முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். எனக்குக் கூடப்பிறந்தவர் ஒரேயோர் அண்ணை. அவருடைய பெயர் தியாகலிங்கம். அவர் கனடாவில் இருந்தவர். அவர் இறந்துவிட்டார் என்பதை இன்று காலைதான் அறிந்தேன். இறந்து மூன்று கிழமைக்கு மேலாகிறதாம். நடந்தவற்றை நடந்த ஒழுங்கிலே சொல்லும்படி உத்தியோகத்தர் கேட்டபடியால், இன்று அறிந்ததை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்தந்த நாளில் எனக்கு என்ன தெரிந்திருந்ததோ அதைச் சொல்லப் பார்க்கிறேன். அது இலகுவான காரியமில்லை என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன்.

நான் சுபாங்கன் என்பவரின் கையைக் கத்தியால் வெட்டியதாகச் சொல்லப்படுகிறது. அவருடைய உள்ளங்கை வெட்டுப்பட்டது உண்மை. கத்தி என்னுடையது. இரண்டையும் நான் மறுக்கவில்லை.

என்னுடைய வளவுக்கு மேற்குப் பக்கத்து வளவும் வீடும் அண்ணையின் மனைவிக்குச் சீதனமாக வந்தவை. இரண்டு வளவுக்கும் நடுவில் கிளுவை வேலி. அதில் குனிந்து போய்வரக்கூடிய ஒரு பொட்டு இருக்கிறது. அண்ணை குடும்பம் கனடாவுக்குப் போன பின்னர் அந்த வீட்டில் வாடகைக்கு ஆட்கள் இருந்தார்கள், அதன் பின்னர் ஒருவரும் இல்லை. முன் முற்றத்தில் அண்ணி ஆசைப்பட்டு நட்ட பூக்கன்றுகள் எல்லாம் கேட்பாரில்லாமல் வளர்ந்து பற்றையாகிவிட்டன. எனக்கும் அண்ணிக்கும் அவ்வளவு பொருத்தமில்லை. ஆகையால் அவர் உயிரோடு இருந்தவரை அங்கே ஓர் இலையைக்கூட நான் கிள்ளியதில்லை. கிள்ளியிருந்தால் அந்தச் சத்தம் கனடாவரைக்கும் கேட்டிருக்கும். இது முறைப்பாட்டுக்குத் தேவையில்லாத கதை என்று உத்தியோகத்தர் சொன்னார். தேவை. பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு பற்றையை யன்னல் உயரத்துக்கு ஏன் வளரவிட்டாய் என்று நாளைக்கு யாராவது என்னைத்தான் கேட்பார்கள்.

அண்ணி இரண்டு வருடத்துக்கு முன்னர் காலமானார். அதன் பின்னர் அண்ணை ஊருக்குத் திரும்பி வந்து அந்த வீட்டில் இருக்கப்போவதாகச் சொல்லத் தொடங்கினார். சொல்லிச் சொல்லி ஒரு வருடம் போனது. இந்த வருடம் வைகாசியில் ஒருநாள் தொலைபேசியில் எடுத்து, இனியொரு குளிர்காலம் தன்னால் தாங்க ஏலாது, இந்த முறை கட்டாயம் வருவேன் என்றார். மகன் பார்த்தீபன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவானாம். சமையல் என்னுடைய வீட்டில், படுக்கை தன்னுடைய வீட்டில் என்றும் சொன்னார். சண்டை வந்தால் போய்ப் படுக்க ஒரு வீடு வேண்டும் என்பதற்காக அப்படிச் சொன்னார் என்று விளங்கிக்கொண்டேன். அதன் பின்னர் அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே பதிவு செய்யக் கேட்கிறேன்.

"பிள்ளை, மாரிக்கு முந்தி வந்திடுவன். நீ யன்னலடிச் செவ்வரத்தையை வெட்டிவிடு. கதிரையிலை இருந்து பார்த்தால் படலை தெரிய வேணும். ஆர் வருகினம், ஆர் போகினம் எண்டு நான் பார்க்க வேணும்."

எனக்கு அறுபத்தேழு வயது. என்னைப் பிள்ளை என்று கூப்பிட இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம் இருந்தார்.

அதன் பின்னர் ஆனி மாதத்தில் வேலையைத் தொடங்கினேன். கூலிக்கு ஆள் பிடிக்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். கூலிக்கு வருபவர்கள் பூக்கன்று, காட்டுக்கன்று என்று பார்க்காமல் அடியோடு வழித்துவிட்டுப் போவார்கள் என்பதால் நானே வெட்டினேன். ஒரு கொடுவாக்கத்தி, ஒரு பெரிய கத்தரிக்கோல், தடியில் கட்டிய சத்தகம் என்ற வளைந்த சிறுகத்தி ஒன்று, இவ்வளவுதான் என்னிடம் இருந்தன. எனக்கு இருதய வருத்தம் இருப்பதால் வெயில் ஏறமுன்னர் கொஞ்சம், வெயில் தாழ்ந்த பின்னர் கொஞ்சம் என்று வெட்டினேன். முதலில் வாசல் படலையடியில் இருந்த கடதாசிப்பூவை வெட்டினேன். அது படலையையே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. முள்ளுக் குத்தி இரண்டு கையும் தடித்துப்போனது. அதன் பின்னர் நடைபாதையின் இரண்டு பக்கமும் நின்ற குரோட்டன்களை வெட்டினேன். அவை மேலே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நின்றபடியால் குனிந்துதான் உள்ளே போக முடிந்தது. ஒன்றுக்குள் குளவிக்கூடு இருந்தது. காய்ந்த ஓலை கொளுத்திப் புகை போட்டு அதைக் கலைத்தேன். வெட்டிய குழையை ஒழுங்கையின் மறுபக்கத்தில் இருக்கும் சிவகௌரி தன்னுடைய ஆடுகளுக்கு எடுத்துக்கொண்டு போவார். அவர் எனக்குத் தூரத்து உறவு, கிட்டத்துச் சிநேகிதி. பின்னேரத்தில் என்னுடைய குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவார். அவர்கள் வாசித்து முடித்த பேப்பரும் அவருடைய கையோடு எனக்கு வரும்.

அதன் பின்னர் யன்னலடிச் செவ்வரத்தைக்கு வந்தேன். அது கூரைத்தாழ்வாரம் தொட வளர்ந்து, யன்னலை இருட்டடித்துக்கொண்டு நின்றது. அடிமரம் என்னுடைய கை மணிக்கட்டிலும் தடிப்பு. அதை வெட்டிய அன்றைக்கு அண்ணை வட்ஸ்அப்பில் படத்தோடு கதைக்கும்படி எடுத்தார். நான் தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அங்கே கட்டிலில் சாய்ந்திருந்துகொண்டு, அந்தக் கொப்பை வெட்டு, இதை விடு, கணுவுக்கு மேலே வெட்டு, கையை ஆட்டாதே என்று ஏசிக்கொண்டிருந்தார். நடுநடுவே இருமினார். நான் சங்கக் கடையில் ஊரையே வரிசையில் நிற்கவைத்து ஏசியவள். என்னை ஏசக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான். நான் வீட்டுக்குள்ளே போய், அவர் இருக்கப்போகும் இடத்தில் கதிரையைப் போட்டு இருந்து, தொலைபேசியை யன்னல் பக்கம் திருப்பிக் காட்டினேன். படலை முழுதாகத் தெரிந்தது. ஒரு கொப்பு மாத்திரம் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் வெட்டப் போனபோது அவர் மறித்தார்.

"அதை விட்டுவை. எல்லாத்தையும் நீயே வெட்டிப்போட்டால் நான் வந்து என்ன செய்யிறது? அதை நான் வெட்டுறன்."

அண்ணை என்னோடு கடைசியாகக் கதைத்தது அதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் சரியென்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அடுப்பில் சோறு இருந்தது.

அதன் பின்னர் சில நாள் அவர் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். பார்த்தீபன் கதைத்தான். அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, டொக்டர் கதைக்க வேண்டாமென்று சொல்லிவிட்டார் மாமி என்றான். அவனுடைய குரல் மாறியிருந்ததை நான் பெரிதாக எடுக்கவில்லை. அவனுக்கும் தடிமன் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். இஞ்சி அவித்துக் கொடுக்கும்படி சொன்னேன். அவன் ஓம் மாமி, ஓம் மாமி என்று மட்டும் சொன்னான். அதன் பின்னர் நான் எடுக்கும்போதெல்லாம் அண்ணை நித்திரை, அல்லது அண்ணை குளிக்கிறார். கன்றுகளைப் படம் எடுத்து அண்ணையின் நம்பருக்கு அனுப்பினேன். வெட்டிய செவ்வரத்தை துளிர்விட்டபோது கிட்டப்போய் நாலைந்து படம் எடுத்து அனுப்பினேன். அண்ணையின் நம்பரிலிருந்து பெருவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்று வந்தது. அண்ணை ஒருநாளும் அப்படிப் படம் அனுப்புகிறவர் இல்லை. வாய் ஏலாத மனிசன் கையால் கதைக்கிறார் என்று நினைத்து அதை எத்தனையோ தரம் திறந்து பார்த்தேன். அந்தத் தொலைபேசியை உத்தியோகத்தரிடம் காட்டியுள்ளேன்.

ஒருநாள், கிணற்றடி நந்தியாவட்டையை எவ்வளவு வெட்டுவது என்று அண்ணையிடம் கேட்டுச் சொல்லும்படி பார்த்தீபனிடம் கேட்டேன். அவன், உங்களுக்கு விருப்பமான மாதிரி வெட்டட்டாம் என்று அப்பா சொல்கிறார் என்றான். என்னுடைய அண்ணை தன்னுடைய சீவியத்தில் எதையும் மற்றவர் விருப்பத்துக்கு விட்டவர் இல்லை. தேத்தண்ணிக்குச் சீனி எத்தனை கரண்டி என்பதிலிருந்து நான் யாரைக் கலியாணம் முடிக்கக்கூடாது என்பதுவரை அவர் சொன்னதுதான் சட்டம். அந்தப் பதிலைக் கேட்டபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. வருத்தம் மனிசனைக் கொஞ்சம் இளக்கிவிட்டது என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன். அன்றைக்கு நந்தியாவட்டையை முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன், என்னுடைய விருப்பப்படி.

அதன் பின்னர் நடந்த இரண்டு விடயங்களையும் சொல்ல வேண்டும். ஆட்களோடு நான் கோபமாக இருந்தேனா என்று உத்தியோகத்தர் கேட்டதற்கு அவைதான் பதில்.

நான் வெட்டத் தொடங்கிய நாளிலிருந்து அந்த முற்றத்துச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் பறித்து எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குக் கொடுத்துவந்தேன். ஒருநாள் காலை ஐயர் என்னுடைய பூக்கூடையைக் கையில் வாங்காமல், கீழே வைக்கச் சொன்னார். கொஞ்ச நாளைக்குப் பூ வேண்டாம் அம்மா, வீட்டிலிருந்தே கும்பிடுங்கோ என்றார். ஆளில்லாத வளவில் களவாகப் பறித்த பூவென்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன். இது என்னுடைய அண்ணையின் வளவு, அவர் சொல்லித்தான் பறிக்கிறேன், வேண்டுமென்றால் இப்போதே அவரோடு கதைத்துப் பாருங்கோ என்று தொலைபேசியை நீட்டினேன். ஐயர் அதைத் தொடாமல் ஓரடி பின்னுக்குப் போனார். நான் வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது அந்தப் பூவை ஒரு தடியால் தள்ளி வில்வமரத்தடியில் போட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நான் கோயிலுக்குப் போகவில்லை. பூவை என்னுடைய சாமியறையில் வைத்து, விளக்கேற்றி, அண்ணை சுகமாக வந்து சேரவேண்டும் என்று கும்பிட்டேன்.

இரண்டாவது, சிவகௌரியின் மகளுடைய கலியாணம். அழைப்புச் சொல்லி, எனக்குச் சேலையும் எடுத்துத் தந்திருந்தார்கள். பலகாரச் சூட்டுக்கு நான்தான் முன்னுக்கு நிற்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். கலியாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்க, சிவகௌரி வேலிப் பொட்டுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு, வெயில் கனக்க அக்கா, உங்களுக்கு நெஞ்சுவருத்தம், நீங்கள் வரவேண்டாம் என்றார். உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். வேண்டாம் என்றார். அதற்கு முன்னமே ஒரு கிழமையாக என்னுடைய வீட்டில் அவர் வாய் நனைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் பட்டது. பேப்பரும் வரவில்லை. கேட்டதற்கு, பேப்பரை நிற்பாட்டிவிட்டோம் என்றார். கலியாணம் முடிக்காதவளைச் சபையில் முன்னுக்கு நிற்கவைக்கச் சம்பந்தி வீட்டார் விரும்பவில்லை, அதைச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு இதெல்லாம் புதிதில்லை. ஆனால் சிவகௌரியிடமிருந்து வந்தது புதிது. நான் ஒழுங்கையில் நின்று ஊர் கேட்க ஏசினேன்.

"தாலி இல்லாதவள் சபைக்கு ஆகாதெண்டால் முகத்துக்கு நேரை சொல்லு கௌரி. வெய்யிலிலை பழியைப் போடாதை."

சிவகௌரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் சேலையைக் கொண்டுபோய் அவர்களுடைய படலையில் தொங்கவிட்டுவிட்டு வந்தேன். கலியாண மேளம் கேட்ட நாள் முழுவதும் அண்ணையின் வளவில் பின்பக்கத்து மருதோன்றியை வெட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்குத் தெரிந்ததை உத்தியோகத்தருக்கு விளங்கப்படுத்தினேன். அதை இந்த இடத்தில் எழுதுவது பொருத்தம் என்று அவரும் சொன்னார். ஒருவர் இறந்தால் அவருடைய இரத்த உறவுக்குத் துடக்கு என்ற தீட்டு உண்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்து, சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்து, வீட்டுக்கிருத்தியம் முடியும்வரை கோயிலுக்குப் போவதில்லை, சாமிக்குப் பூக் கொடுப்பதில்லை, நல்ல காரியத்தில் நிற்பதில்லை. மற்றவர்கள் அந்த வீட்டில் தண்ணி வெந்நீர் குடிப்பதில்லை. கலியாணம் முடித்துப் போன சகோதரிக்குத் துடக்குக் குறைவு. நான் முடிக்காதவள். அண்ணையின் துடக்கு முழுவதும் எனக்கும் உண்டு. ஐயருக்கும் தெரிந்திருந்தது, சிவகௌரிக்கும் தெரிந்திருந்தது. மரண அறிவித்தல் வந்தபடியால்தான் பேப்பரையும் எனக்குத் தராமல் விட்டிருக்கிறார். தெரியாமல் துடக்கோடு திரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு இருதய வருத்தம், தனியாக இருப்பவள், தொலைபேசியில் கேட்டால் தாங்கமாட்டாள், தான் வந்து பக்கத்தில் இருந்து சொல்கிறேன் என்று பார்த்தீபன் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டிருக்கிறான். எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று காலை நான் கிணற்றடியில் நந்தியாவட்டைத் தடிகளைக் கட்டிக்கொண்டு நின்றபோது படலையடியில் ஒரு ஜேசிபி இயந்திரம் வந்து நின்றது. அதோடு சுபாங்கனும் இரண்டு வேலையாட்களும் வந்தார்கள். சுபாங்கன் பார்த்தீபனோடு ஒன்றாகப் படித்தவர். சந்தைக்குப் பக்கத்தில் பந்தல், கதிரை, சமையல் பாத்திரம் வாடகைக்குக் கொடுக்கும் தொழில் செய்கிறார். நான் அந்த நேரம் என்னுடைய வீட்டில் இருப்பேன் என்று நினைத்து வந்ததாகப் பின்னர் சொன்னார். என்னைக் கண்டதும் திகைத்துப்போனார். என்ன தம்பி என்று கேட்டேன். முற்றத்தை வெளியாக்க வேண்டும், பந்தல் போட இடம் காணாது, பார்த்தீபன் வருகிறான் என்றார். என்ன பந்தல் என்று கேட்டேன். அவர் வேலையாட்களைப் பார்த்தார். வேலையாட்கள் இயந்திரத்தைப் பார்த்தார்கள்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. பார்த்தீபனுக்கு முப்பத்தாறு வயது, இன்னும் முடிக்கவில்லை. அண்ணை மகனுக்கு ஊரில் கலியாணம் பேசிவிட்டு, எனக்கு வந்து சொல்லலாம் என்று மறைக்கிறார் என்று நினைத்தேன். தொண்டை கட்டியதும், நித்திரையும், விருப்பமான மாதிரி வெட்டு என்றதும் எல்லாம் அதற்காகத்தான் என்று நினைத்தேன். பார்த்தீபனுக்குக் கலியாணமோ என்று சுபாங்கனைக் கேட்டேன். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கள்ளப் பெடியள் எல்லாரும் சேர்ந்து என்னைப் பேய்க்காட்டிப்போட்டியள் என்று சொல்லி நான் சிரித்தேன். அந்த நேரம் நான் சந்தோசமாக இருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளக் கேட்கிறேன், ஏனென்றால் கோபத்தில் வெட்டினேன் என்று சொல்லப்படுகிறது.

அதன் பின்னர், குரோட்டனை வேண்டுமென்றால் எடுங்கோ, கடதாசிப்பூவையும் எடுங்கோ, யன்னலடிச் செவ்வரத்தையை மட்டும் தொடவேண்டாம் என்று சொன்னேன். அதில் ஒரு கொப்பு அண்ணை வந்து வெட்டுவதற்கு விட்டிருக்கிறது என்றும் சொன்னேன். சுபாங்கன் தலையைக் குனிந்துகொண்டு, பந்தல்கால் சரியாக அந்த இடத்தில்தான் வரும் அன்ரி என்றார். தள்ளிப் போடு என்றேன். நாளில்லை என்றார். அவர் என்னை மறித்துக் கதைத்துக்கொண்டு நிற்க, இயந்திரம் உள்ளே வந்து குரோட்டன்களை வழித்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பியது. நான் ஓடிப்போய்ச் செவ்வரத்தைக்கு முன்னால் நின்றேன். கொடுவாக்கத்தி என்னுடைய கையில் இருந்தது. யாரையும் வெட்டுவதற்காக அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. தடி நறுக்கிக் கட்ட எடுத்த கத்தி, கையிலேயே இருந்துவிட்டது. சுபாங்கன் ஓடிவந்து, அன்ரி கத்தியைத் தாங்கோ, விழுந்துவிடப்போறியள் என்று சொல்லிக்கொண்டு கத்தியைப் பிடித்தார். அவர் பிடித்தது அலகில். நான் விடவில்லை. இழுத்தேன். அவருடைய உள்ளங்கை பிளந்து இரத்தம் செவ்வரத்தையிலும் என்னுடைய சேலையிலும் தெறித்தது. இழுத்தது நான்தான். அந்தக் குற்றம் என்னுடையது.

அவர் கையைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். நான் அப்போதும் விலகவில்லை. அண்ணை வரட்டும், அண்ணை வந்து சொல்லட்டும் என்று கத்தினேன். அதற்கு அவர் சொன்னது:

"ஆர் அன்ரி வாறது? அங்கிள் செத்துப்போனார் அன்ரி. பார்த்தீபன் சாம்பலைத்தான் கொண்டு வாறான். அந்தியேட்டிக்குத்தான் இந்தப் பந்தல்."

சொல்லிவிட்டு அவர் அழத் தொடங்கினார். நோவில் அழுதாரா, சொல்லிவிட்டேனே என்று அழுதாரா எனக்குத் தெரியாது. இயந்திரத்தை ஓட்டியவர் அதை நிற்பாட்டிவிட்டு இறங்கி, தலையில் கட்டியிருந்த துவாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் சேலைத் தலைப்பைக் கிழித்துச் சுபாங்கனின் கையைக் கட்டினேன். இறுக்கிக் கட்டவேண்டும் என்பது ஞாபகம் இருந்தது. வேறொன்றும் ஞாபகத்தில் இல்லை. வேலையாட்கள் அவரை முச்சக்கரவண்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள்.

அதன் பின்னர் நான் கிணற்றடிக்குப் போய் உடுத்த சேலையோடு தண்ணீர் அள்ளித் தலையில் ஊற்றினேன். சாவு கேட்டால் தோயவேண்டும். நான் கேட்டது இன்றைக்கு, ஆகவே தோய்ந்தது இன்றைக்கு. பொலிஸார் வந்தபோது என்னுடைய உடுப்பு நனைந்திருந்ததற்கு இதுதான் காரணம். இரத்தக் கறையைக் கழுவி மறைப்பதற்காக நான் குளிக்கவில்லை. கத்தி வெட்டிய இடத்திலேயே கிடந்தது, அவர்கள்தான் எடுத்தார்கள்.

நான் தோய்ந்துகொண்டு நிற்கும்போது சிவகௌரி பொட்டுக்குள்ளால் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். எங்களுடைய பக்கத்தில் செத்த வீட்டில் பெண்கள் அப்படித்தான் கட்டிப்பிடித்து அழுவோம். அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அவருக்கு அது அழுது ஆறிய சாவு, எனக்கு இன்னும் தொடங்கவில்லை. கலியாணம் வடிவாக நடந்ததோ என்று கேட்டேன். ஓம் அக்கா என்றார். அவரை ஒழுங்கையில் வைத்து ஏசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் பொலிஸ் வாகனம் வந்துவிட்டது.

சுபாங்கன் தன்னுடைய பிழைதான் என்று வைத்தியசாலையில் சொன்னதாகவும், என்மேல் வழக்கு வேண்டாம் என்று கேட்டதாகவும் உத்தியோகத்தர் எனக்குச் சொன்னார். அவர் அப்படிச் சொல்வார், நல்ல பிள்ளை. அவருடைய கை சுகப்படுவதற்கு நான் செய்ய வேண்டியதைச் செய்வேன். வழக்கு வைப்பதென்றால் வைக்கட்டும். அவர்மேலோ பார்த்தீபன்மேலோ சிவகௌரிமேலோ ஐயர்மேலோ எனக்கு முறைப்பாடு இல்லை. எல்லோரும் எனக்கு நல்லதைத்தான் நினைத்தார்கள். ஆனால் என்னைக் கேட்டால், ஊர் முழுவதும் சேர்ந்து என்னைச் சின்னப்பிள்ளை ஆக்கிவிட்டது. எனக்கு நெஞ்சுவருத்தம் என்பது உண்மை. அந்த நெஞ்சோடுதான் நான் அம்மாவையும் அப்பாவையும் அனுப்பிவைத்தேன். அண்ணையையும் அனுப்பியிருப்பேன். அண்ணைக்காக அழ வேண்டிய நாட்களில் நான் மீன் காய்ச்சித் தின்றிருக்கிறேன், சாமிக்கு விளக்கு ஏற்றியிருக்கிறேன், வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். அந்த நாட்களை எனக்கு இனி ஒருவரும் திருப்பித் தர ஏலாது.

என்னை மறியலில் வைப்பதென்றால் அந்தியேட்டி முடிந்த பின்னர் வைக்கும்படி கேட்கிறேன். நான் கீரிமலைக்குப் போக வேண்டும்.

கடைசியாக, சுபாங்கன் சொன்னதை உறுதிப்படுத்துவதற்காக, அண்ணை எப்படி இறந்தார் என்று உத்தியோகத்தர் கேட்டார். என்ன வருத்தம், ஆசுப்பத்திரியிலா வீட்டிலா, பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டார். எங்கள் ஊரில் செத்த வீட்டுக்கு வருகிறவர்கள் கதிரையில் இருந்ததும் முதலில் கேட்பது இதைத்தான். வீட்டுக்காரர் வருகிற ஒவ்வொருவருக்கும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். சொல்லிச் சொல்லித்தான் அவர்களுக்கே அது நடந்தது என்று விளங்கும். என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் இந்த உத்தியோகத்தர். எனக்குப் பதில் தெரியவில்லை.

இங்கே எழுதப்பட்டிருப்பவை என்னுடைய வாயால் நான் சொன்னவை. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன, நானும் ஒரு தரம் வாசித்தேன். கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை. அத்தனையும் உண்மை. அண்ணை எப்படி இறந்தார் என்ற கேள்விக்கு எதிரே உள்ள இடத்தை வெறுமையாக விடும்படி கேட்டுக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சீ. இரத்தினம்மா